இரவல் கோட்டும் தூக்க ஏலாத கையும்

தோள் இரண்டும் எரிந்தன. துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்கிவிட்டு வந்த உடம்பு. சாமி கும்பிடக் கையைத் தூக்கினாலே சின்னப்போடிக்கு வாயில் "அம்மா" என்றுதான் வரும். அந்தத் தோளைத்தான் ஞானசேகரம் கிளாக்கரின் கறுப்புக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு தையல்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். உறைக்குள் அடங்காத தலையணை மாதிரித் தெரிந்தது. தலையணைக்காவது வியர்க்காது.

நாளைக்கு மகள் ஞானமணிக்குக் கலியாணப் பதிவு எழுத்து. மாப்பிள்ளை வீடு கந்தோரில் பேனை பிடிக்கிற ஆட்கள். மூட்டை தூக்கிற தகப்பன் கோட்டோடு வந்து சாட்சிக் கையெழுத்து வைத்தால்தான் மகளுக்கு மதிப்பு என்று தானே முடிவெடுத்திருந்தார். ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை.

"முதுகுத் தையலைப் பிரிச்சு ஒரு துண்டு வைக்கவேணும், போடியார்," என்றார் தையல்காரர் கலீலுர் றஹ்மான். "இல்லாட்டி கை மேல போகாது."

"இரவல் கோட், றஹ்மான் நானா. கத்தரி வைக்க ஏலாது. பொத்தானை மட்டும் விளிம்புக்குத் தள்ளித் தையுங்க. கையெழுத்து வைக்கிறவனுக்குக் கை மேல போய் என்னத்துக்கு? தேங்காயா பிடுங்கப் போறன்?"

"மூச்சாவது விடுவீங்களா?"

"எழுத்து முடிய விடுறன்."

மறுநாள் எழுத்துக்குப் போகும் வழியில், கடைத்தெரு முனை ஆமிச் சென்றியில் பஸ்ஸைச் சோதனைக்கு மறித்து எல்லாரையும் இறக்கினார்கள்.

"கை தூக்கு!"

சின்னப்போடியின் கை நெஞ்சுவரை வந்து நின்றது. பிரசாதத்துக்கு நிற்கிறவர் மாதிரி.

"மேல! மேல!"

"ஏலாது ஐயா, கோட்..."

பொத்தான் தெறிக்க நின்ற வயிற்றை ஆமிக்காரன் பார்த்தான். உள்ளே எதையோ கட்டியிருக்கிறார் என்று நினைத்திருப்பான், துவக்கு நிமிர்ந்தது. உள்ளே இருந்தது காலையில் தின்ற பிட்டு. அதைச் சிங்களத்தில் சொல்ல அவருக்குத் தெரியாது.

பெண்கள் வரிசையில் பட்டுச் சேலையோடு நின்ற ஞானமணி கத்தினாள். "அப்பா, தூக்குங்கோ!"

மூட்டை தூக்கிற மாதிரித் தம் பிடித்துக் கையைத் தூக்கினார். கொலரில் இருந்து இடுப்புவரை கோட் பிளந்தது. ஆமிக்காரன் திடுக்கிட்டுப் பின்னால் போனான். பிறகு முதுகுப் பக்கம் சுற்றி வந்து பார்த்துச் சிரித்தான். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். சின்னப்போடியும் சேர்ந்து சிரித்தார்.

"போ, போ."

நேரே தையல்கடைக்குத்தான் ஓடினார். கலீலுர் றஹ்மான் பிளந்த முதுகை விரித்து அளந்தார். கடையில் கறுப்புத் துணி இல்லை. தன் குடைத் துணியைக் கம்பியில் இருந்து கழற்றி வெட்டி, முதுகில் அகலப் பட்டை வைத்துத் தைத்தார். இப்போது கை தலைக்கு மேல் போனது. மூச்சும் வந்தது.

எழுத்து முடியும்வரை சின்னப்போடி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டே நின்றார். அடக்கமான மனுசன் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒளிக்காமல் முதுகைக் காட்டினார். ஞானசேகரம் போட்டு, கையை வீசிப் பார்த்தார்.

"எனக்கும் இது முந்தி இறுக்கம்தான், காட்டிக்கொள்ளேல்லை," என்றார்.

மாரி மழை தொடங்கிவிட்டது. கலீலுர் றஹ்மான் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறார். சின்னப்போடி அவருக்கு ஒரு குடை குடுக்கவேணும். இன்னும் குடுக்கேல்லை.