டிராகனின் வால்

யசீகரனுக்குக் கார்ட் விளையாடத் தெரியாது. அதை ஒரு குறையாக அவன் நினைத்ததும் இல்லை. மேசையில் விரித்து அதன்மேல் கார்ட் போட்டு விளையாடுகிற, படம் அச்சிட்ட ரப்பர் விரிப்புக்குப் பிளேமாட் என்று பெயர். படம் வரைந்த ஓவியரே அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால், பிறகு கார்ட் என்ன, கைவிரல்கூட அதன்மேல் படக்கூடாது என்பது அவன் சட்டம். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பக்கத்து அலுவலகத்தில் நாள் முழுக்கத் தலையாட்டுகிற ஆளுக்கு வீட்டிலாவது ஒரு சட்டம் வேண்டாமா? முப்பத்தெட்டு விரிப்புகள் அலமாரியில் சுருண்டு கிடந்தன. மனைவி நிலானி அவற்றைப் பாய் என்பாள். ஒருவரும் படுக்காத பாய்.

அவனுக்கு ஒரே ஓர் ஏக்கம். ஒரு டிராகனை நான்கு விரிப்புகளில் துண்டுபோட்டு வரைந்திருந்தார் ஓர் ஓவியர். தலை, கழுத்து, வயிறு மூன்றும் யசீகரனிடம் இருந்தன. வால் ஹில்ஸ்பரோவில், பல் வைத்தியர் சிவனேசனிடம். மலேசியாவின் ஈப்போக்காரர், சிரித்துக்கொண்டே பிடுங்குகிற கைராசி அவருக்குப் பேரத்திலும் உண்டு. கையெழுத்துப் போட்ட தலை ஒன்று கொண்டுவந்தால் வாலைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஓவியர் ஆக்லாந்து வந்தபோது யசீகரன் நகர மையத்தில் நான்கு மணித்தியாலம் கால்கடுக்க வரிசையில் நின்று, இன்னொரு தலையில் வெள்ளி மையால் கையெழுத்து வாங்கிவிட்டான்.

மற்ற விரிப்புகளையெல்லாம் கூரியர்காரன் கையிலிருந்து நேரே அலமாரிக்குள் கடத்தியவன், இதை மட்டும் மை காயட்டும் என்று மேசையில் விட்டான். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

நிலானி காருக்கு வைத்தவள், ஃபிரிட்ஜுக்கு வைத்தவள், ஹீட் பம்புக்கு நாற்காலி போட்டு ஏறி வைத்தவள். புதுச்சாமான் பொட்டில்லாமல் கிடக்கிறதோ என்று அவனையே திருப்பிக் கேட்டாள்.

ஈரத்துணியால் துடைத்தான். பொட்டு போகவில்லை, பெருவிரல் அளவுக்குப் பரந்தது. அந்தப் பெருவிரல்தான் அவனுக்கு வழி காட்டியது.

ஹில்ஸ்பரோவில் சிவனேசன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். அது ஓவியரின் கைநாட்டு, சிவப்பு மையில் விரலைத் தோய்த்துத் தன் ஒருவனுக்காகவே வைத்தார், கண்டவனுக்கெல்லாம் வைக்கிறதில்லை என்று யசீகரன் அளந்தான். ஒரு சைவன் இன்னொரு சைவரிடம் குங்குமத்தை மை என்று விற்றால் நாக்கு உலரத்தான் செய்யும்.

சிவனேசன் மோந்து பார்த்தார்.

"ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் முகம் மாறாமல். "பெரிய மனசுக்காரரு. எனக்கும் வச்சுக் கொடுத்தாரு."

வாலைக் கொண்டுவந்து விரித்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் அதே சிவப்பு, சுற்றிலும் அதே சந்தனப் பொருக்கு. உள்ளறையில் அவர் மனைவியின் பூசைமணி கேட்டது.

யசீகரன் வாயைத் திறந்தால் தன் பொய்யும் கூடவே வெளியே விழும்.

"அந்தமாதிரிக் கைநாட்டு," என்று மெச்சினான். கைகுலுக்கி மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டில் நான்கு துண்டும் சேர்ந்து டிராகன் முழுசாகத் தரையில் கிடந்தது. நிலானி குங்குமச் சிமிழோடு வந்து, குனிந்தவள் வாலைப் பார்த்து நின்றாள்.

"இது ஆர் வைச்ச பொட்டு?"

"ஓவியர்," என்றான். வாய் பழகிவிட்டது.

"சரியான கோணல்," என்றவள், பக்கத்தில் நேராக ஒன்று வைத்துவிட்டுப் போனாள்.