ஒன்பது அகல்

கூரைமேல் நின்று அவர் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், விளக்குமாற்றின் பிடியில் பழைய துணி சுற்றியிருக்கிறது, லுங்கி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கிறது, தண்ணி ஊத்தாதீங்க, ஊத்தினா சிமெண்டு மாதிரி பிடிச்சுக்கும் என்று உண்ணாமுலை கீழேயிருந்து கத்துகிறாள், அதற்கு ஒரு தோள் அசைப்பு, எனக்குத் தெரியாதாடி என்பதுபோல, அவ்வளவுதான், முகத்தைக் காட்டமாட்டார், எட்டு வருடமாக ஏகாம்பரம் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு கூரையைப் பெருக்குகிறார், பின்னால் மலை புகைகிறது, ஒரே ஒரு தடவை திரும்புங்களேன், கெஞ்சிக் கேட்கிறேன், கட்டின பொண்டாட்டி கூப்பிட்டால் திரும்பக்கூடாதா, என்ன மனுஷனய்யா நீங்க.

கண் திறந்தால் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு, தகரக் கதவு, வாசலில் லாரி உறுமுகிறது, இபு, இபு என்று தரிகான் கூப்பிடுகிறான், அவன் பாஷையில் அம்மா. ஒரு காலத்தில் இவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டத்தில் மருந்தடித்தவன், இப்போது எரிமலை கக்கிய மணலைத் தோண்டி மேடான் பட்டணத்துக்கு ஏற்றுகிறவர்களிடம் இயந்திரம் ஓட்டுகிறான், ஊரே மணலுக்கடியில் கிடக்கிறது, அந்த ஊரைத்தான் தோண்டுகிறார்கள், வேறு பிழைப்பு ஏது. உங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம் இபு, கூரை தெரிகிறது, வாசற்படி வரைக்கும் தோண்டினேன், அப்புறம் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன், நீங்கள் வந்து பார்க்கவேண்டும் என்று அவன் பாஷையில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறான். வாசற்படியா, கூரையில் இல்லையா என்று வாய்வரை வந்த கேள்வியை உண்ணாமுலை அப்படியே விழுங்கிக்கொள்கிறாள். மகள் தேவிகா மேடான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறாள், கட்டிலை விட்டு எழாமலே சொல்கிறாள், நான் வரல, அந்த மனுஷனப் பாக்க எனக்கென்ன அவசரம், நம்மள விடக் கூரைதானே அவருக்குப் பெருசாப் போச்சு. அந்த மனுஷன், அப்பா என்ற வார்த்தையை அவள் விட்டு எட்டு வருடமாகிறது. பிறகு தாய் செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவதைப் பார்த்துவிட்டு, சரி, தனியாப் போயி மயக்கம் போட்டு விழாத, இரு வரேன் என்று துப்பட்டாவை எடுத்துக்கொள்கிறாள்.

லாரி ஏறுகிறது, இருபுறமும் சாம்பல் பூத்த முட்டைகோஸ் தோட்டங்கள், மலை ஒருதரம் வலப்பக்கம், ஒருதரம் இடப்பக்கம், எங்கே திரும்பினாலும் அதுதான். புகையிலைத் தோட்டத்துக்குக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்த ஏகாம்பரத்தின் கொள்ளுத்தாத்தா திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், கப்பலில் வாந்தியெடுத்து அரை உயிராக வந்தவர், இந்த மலையைப் பார்த்ததும் அண்ணாமலையான் நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கான்டா என்று விழுந்து கும்பிட்டாராம், அன்றிலிருந்து இந்த வீட்டுக்காரர்களுக்கு அதுதான் சாமி, கார்த்திகைக்கு ஒன்பது அகலை வாசற்படியில் மலையைப் பார்த்து ஏற்றவேண்டும், அவளையும் உண்ணாமுலை என்ற அம்மன் பேருக்காகவே பெண் கேட்டு வந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கார்த்திகைக்குக் கொஞ்சம் முந்தி மலை உச்சியில் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிகிறது, ஊரெல்லாம் மூட்டை கட்டுகிறது, இவள் வாசலில் நின்று அரோகரா என்கிறாள், தீபம் அவனே ஏத்திட்டான் பாருங்க, சாமி படங்களின்மேல் ஒரு விரற்கடைச் சாம்பல் படிகிறது, அதை வழித்துத் திருநீற்றுச் சம்புடத்தில் போட்டுவைக்கிறாள், நெற்றியில் இட்டுக்கொள்கிறாள், நெற்றி எரிகிறது, எரிந்தால் எரியட்டும். இது சாமியில்லடி, கந்தகம், மூக்கை அடைக்குது, கிளம்புவோம் என்கிறார் ஏகாம்பரம், சாமியை விட்டுட்டு எங்கே போவீங்க என்கிறாள் இவள், இப்படியே பதினைந்து நாள், கடைசியில் பட்டாளத்துக்காரன் வந்து கையைப் பிடித்து ஏற்றினான். எவ்வளவு மடத்தனம், இப்போது நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம்போல் இருக்கிறது, ஆனால் அதைக்கூட மன்னித்துவிடலாம், அதற்கப்புறம் செய்தது இருக்கிறதே.

முகாம் ஒரு தேவாலயக் கூடம், பாய் விரித்து முந்நூறு பேர், கார்த்திகையன்று காலையில் தேவிகா மேடானிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பரீட்சை இருக்கிறது என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அவள் தலை மறைந்ததும் உண்ணாமுலை ஆரம்பிக்கிறாள், வாசல்ல விளக்கில்லாம ஒரு கார்த்திகை போனதில்லையே, இருட்டறதுக்குள்ள ஒரு எட்டு போயி ஏத்திட்டு வந்துடுங்க. மலையே எரியுது, அதுக்கு நான் வேற விளக்கு காட்டணுமா என்று ஏகாம்பரம் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆகவில்லை, அவள் வாயில் சனி வந்து உட்கார்ந்ததோ என்னவோ, பயமா இருந்தா சொல்லிடுங்க, சேலையக் கட்டிக்கிட்டு இங்க உக்காருங்க, நான் போறேன் என்றாள், பக்கத்துப் பாய்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தால் யாராவது தடுத்திருப்பார்கள். அவர் சிரிப்பு நின்றது, பொட்டலத்தை வாங்கினார், எண்ணெய்ப் பாட்டிலை வாங்கினார், மோட்டார் சைக்கிளை உதைத்தார், திரும்பிப் பார்த்தாரா, பார்க்கவில்லை, இல்லை, பார்த்தார், இல்லை. மூன்றரை மணிக்கு மலையின் ஒரு பக்கம் சரிந்து சுடுமேகம் இறங்கியது, முகாம் வாசலிலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு ஊர்மேல் போய்ப் படுத்தது, இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் ஓடிவந்த மகள் அம்மா, அப்பா எதுக்கும்மா அங்க போனாரு என்று தோளைப் பிடித்து உலுக்குகிறாள், அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், கூரை சாம்பல் பாரத்துல இறங்கிடும், பெருக்கிட்டு வரேன்னு போனாருடி, சொன்னேன், கேக்கல. சொல்லிச் சொல்லி, அதிகாரிக்கு, பாதிரியாருக்கு, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, கடைசியில் அவளுக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது, கூரை, விளக்குமாறு, முதுகு, எல்லாம் அவள் செய்துவைத்தது, அவர் அன்றைக்குக் கூரையில் ஏறினாரா என்றே யாருக்கும் தெரியாது. எலும்பு கிடைக்காமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று எட்டு வருடம் பிடிவாதம் பிடித்தவள், இன்றைக்கு லாரியில் உட்கார்ந்து, எதுவும் கிடைக்கக்கூடாது சாமி என்று வேண்டுகிறாள், அடுத்த மேட்டில் லாரி குலுங்கும்போது, கிடைக்கட்டும், தெரியட்டும், அந்தப் பிள்ளை அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று வேண்டுகிறாள், கேட்கிற சாமிக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

இறங்கினால் ஊர் இல்லை, சாம்பல் மேடுதான், நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் அவர்கள் வீட்டின் முன்வாசல் மட்டும், பின்பக்கம் இன்னும் மண்ணுக்குள், கூரை மேட்டோடு மேடாகத் தரைமட்டத்தில் கிடக்கிறது. படிக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறான் தரிகான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறான், உட்கார்ந்தபடி இருந்தார் இபு, சுவரில் சாய்ந்து, நான் எதையும் அசைக்கவில்லை என்கிறான். உண்ணாமுலை தார்ப்பாயைத் தூக்கவில்லை, அதற்கு வெளியே ஒரு ரப்பர்ச் செருப்பின் உருகிய வார் தெரிந்தது, போதும், அது போதும். தேவிகா தார்ப்பாயைப் பார்க்கவேயில்லை, அவள் படியைப் பார்க்கிறாள், குனிகிறாள், விரலால் மணலைத் தள்ளுகிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, வரிசையாக, முனை எல்லாம் மலைப்பக்கம், ஒன்பது அகல், ஏழில் கரி பிடித்திருக்கிறது, இரண்டு மட்டும் சுத்தமாக இருக்கிறது, பாதியில் நின்றிருக்கிறது வேலை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள், அடியில் மயில் முத்திரை.

அம்மா, இது நான் வாங்கிட்டு வந்தது. மேடான் கோயில் வாசல்ல, அன்னிக்குக் காலையில வாங்கி, முகாம்ல உன் கையில குடுத்தேன், அப்புறம் இது எப்படி இங்க வந்துச்சு. காற்று, தூரத்தில் இன்னொரு இயந்திரம், தரிகான் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். அப்பா கூரை பெருக்க வந்தாருன்னு சொன்னியே அம்மா. அவளுக்கு ஒரு பொய் இன்னும் மிச்சம் இருந்தது, அவராத்தான் எடுத்துட்டுப் போனாரு என்று சொல்லலாம், நாக்கு நுனியில் தயாராக நின்றது, அந்தப் பிள்ளை நம்பியும் இருக்கும், ஆனால் ஏழு அகல் எரிந்திருக்கிறதே, மேகம் வருவது தெரிந்தும் எட்டாவதுக்குக் குனிந்தாரோ, தெரியாமலே போனாரோ, அந்த மனிதரை இன்னும் எத்தனை நாள்தான் கூரையில் நிறுத்திவைப்பது. நான்தான் அனுப்பினேன், வரமாட்டேன்னுதான் சொன்னாரு, பயமான்னு கேட்டேன், சேலை கட்டிக்கச் சொன்னேன், நான்தான்டி. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று எட்டு வருடமாக நினைத்திருந்தாள், ஆகவில்லை. தேவிகா அகலை இருந்த இடத்திலேயே, முனை மாறாமல் வைத்தாள், தார்ப்பாயின் பக்கம் மண்டியிட்டாள், அப்பா என்றாள், நெஞ்சு பிளக்கிற மாதிரி இன்னொரு தடவை அப்பா என்றாள், உண்ணாமுலை தொடப்போன கையைத் தட்டிவிட்டாள், எட்டு வருஷம் அவரத் திட்ட வெச்சியேம்மா, எட்டு வருஷம்.

அதற்கப்புறம் உண்ணாமுலைக்கு அங்கே நிற்க இடமில்லை, பள்ளத்திலிருந்து ஏறினாள், ஏறிய இடம் அவர்கள் கூரை, ஏணி வேண்டியிருக்கவில்லை, நடந்துபோனாலே கூரைதான், லாரியின் பக்கவாட்டில் சொருகியிருந்த விளக்குமாற்றை உருவிக்கொண்டாள், பிடியில் துணி இல்லை, முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். எட்டு வருடச் சாம்பல், இறுகி, வெடித்து, அடுக்கடுக்காக, தகரம் கண்ணில் படவேயில்லை, பெருக்கினால் போகிற சாம்பலா அது, மேல்தூள் மட்டும் பறக்கிறது, இருந்தும் தள்ளுகிறாள், தண்ணி ஊத்தக்கூடாது, ஊத்தினா பிடிச்சுக்கும், எதிரே மலை புகைகிறது, பின்னால் பள்ளத்திலிருந்து அழுகை கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு குறைந்தது, பிறகு கேட்கவில்லை, லாரிக் கதவு சாத்தும் சத்தம் ஒன்று, அது தரிகானா, தேவிகாவா, கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளா, போய்விட்டாளா. திரும்பினால் தெரிந்துவிடும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டே பெருக்கினாள்.