என் பெயருக்குப் பின்னால்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் என் வாய். போன ஞாயிற்றுக்கிழமை அது என் மானத்தை வாங்கிவிட்டது.

முதல் தொடக்கம்: "ஜப்பானின் கனசாவா நகரத்தில் மிகவும் பணிவான ஒரு மனிதர்..." (பணிவாம் பணிவு! கோழை என்று எழுத மனம் வரவில்லை.)

இரண்டாவது: "ஹிரோமிச்சி என்பவர் ஒரு விதவையை மணந்தபோது..." (ஹிரோமிச்சி நான்தான். யாரோ ஒருவர் கதைபோல எழுதினால் பழி குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.)

2

நேராகவே சொல்கிறேன். கசுயோவை நான் மணந்தபோது அவள் மகள் இட்சுமிக்கு ஒன்பது வயது. செத்துப்போன அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் உரிமை கொண்டாடலாமா? கூசியது. 'இட்சுமி-சான்' என்று மரியாதையாகவே கூப்பிட்டேன். அந்தச் சின்னப் பெண்ணை வாங்க போங்க என்றேன். அவளும் என்னை 'ஹிரோமிச்சி-சான்' என்றாள். பதினேழு வருடம் ஓடிவிட்டது.

(என்றாவது 'அப்பா' என்பாள் என்று காத்திருந்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம். தினமும்.)

3

இட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாருடன் முதல் விருந்து. எதிரே மாப்பிள்ளையின் பெற்றோர், தொகுரா தம்பதி. எங்கள் வீட்டாரை நான்தான் அறிமுகப்படுத்த வேண்டும். வெளியார் முன்னால் சொந்தப் பிள்ளைக்கு 'சான்' ஒட்டக் கூடாது. மொட்டையாகப் பெயரைச் சொன்னால்தான் நம் பிள்ளை. ஒட்டினால் யார் வீட்டுப் பிள்ளையோ. இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்: மகள் இட்சுமி, மகள் இட்சுமி.

வாயைத் திறந்தேன்.

"இவங்க இட்சுமி-சான். ரொம்ப நல்லவங்க."

தொகுரா அம்மாவின் தேநீர்க் கிண்ணம் பாதியில் நின்றது. கசுயோ என் தொடையைக் கிள்ளினாள். இட்சுமி தலையைத் தூக்கவே இல்லை.

திரும்பும்போது காருக்குள் வெடித்தாள்.

"நான் உங்களுக்கு யாரு? உங்க வீட்ல வாடகைக்கு இருந்தவளா?"

"இட்சுமி-சான், பதட்டத்துல..."

"பாருங்க, இப்பவும்!"

"ஏங்க, சிவப்பு விளக்கு!" என்று கசுயோ கத்தினாள்.

4

முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டேன், அழுதாள், 'அப்பா' என்றாள். (சினிமா.)

முடிவு இரண்டு: திருமணத்தில் எனக்கு விருந்தாளிகளின் மேசையில்... (இதற்குமேல் எழுத வரவில்லை. நடந்தாலும் நடக்கும்.)

நடந்தது இது. இன்று மத்தியானம் இட்சுமி வந்தாள். உட்காரவில்லை. கல்யாண விருந்தின் இருக்கைப் பட்டியலை என் முன்னால் வைத்தாள். நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டுமாம். விருந்தாளிகள் பெயருக்குப் பின்னால் எல்லாம் 'சாமா' இருந்தது. அச்சில் ஏறும்போது 'சான்' போட்டுக்கொள்ளும் பட்டுச்சட்டை அது. விருந்து கொடுப்பவர்கள், அதாவது மணமக்களைப் பெற்றவர்கள், பெயருக்கு மட்டும் கிடையாது. கசுயோவுக்குப் பக்கத்துக் கட்டம் காலி.

"உங்க பேரை நான் எழுதல. நீங்களே எழுதுங்க. பொண்ணுக்கு என்ன உறவுன்னும் எழுதணும்."

"நீங்க சொன்னா நான்..."

"சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா 'சான்' போட்டீங்க? இதையும் நீங்களே முடிவு பண்ணுங்க."

5

தன் பெயருக்குத் தானே 'சாமா' போட்டுக்கொள்கிறவனை இந்த நாட்டில் பைத்தியம் என்பார்கள். அது தெரிந்துதான், மொட்டையாக எழுதிப் பெற்றவர்கள் வரிசையில் சேரட்டும் என்று, என் கையில் தந்தாளா? இல்லை, 'தாயின் கணவர்' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வேனா என்று பார்க்கிறாளா? பயமாக இருக்கிறது.

பெயரை எழுதிவிட்டேன். மொட்டையாக. உறவு இன்னும் காலி. (இந்த வரிகளை எழுதுவதே அதை எழுதாமல் இருக்கத்தான்.)

மணி மூன்றே முக்கால். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

"முடிஞ்சுதா?"

ஒன்று கவனித்தீர்களா? நான் பேசிய இடங்களைத் தவிர, கதை முழுக்க அவளை வெறும் இட்சுமி என்றே எழுதியிருக்கிறேன். எனக்கே இப்போதுதான் தெரிகிறது. தாளில் வருவது வாயில் வர மாட்டேன் என்கிறது.

கட்டத்தை நிரப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று சொல்லப் போவதில்லை. இனி அவளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுக்க வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எப்படிக் கூப்பிடுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், கதவைத் திறக்கிறாள்.