சமையலறையில் தங்கிவிட்ட கைகள்

வெளிநாட்டுக் கடற்கரையில் எட்டு நாள் தங்கப் புறப்பட்ட அன்று காலை, பெரியவள் தன் இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு கழற்றிச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். வலி ஒன்றும் இல்லை. இறுகிப்போன வளையலைக் கழற்றுவதுபோலச் சோப்பு நுரை போட்டு முதலில் இடது கையைத் தானே உருவினாள். வலது கையைத் தம்பி மனைவி பிடித்து இழுத்தாள். கழன்ற கைகள் ஒரு நொடிகூடத் தயங்காமல், பாதியில் கிடந்த வெங்காயத்தை அரியப் போய்விட்டன. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. "நேரமாச்சுக்கா, கிளம்பு," என்றான் தம்பி.

அந்தப் பயணமே சோப்பால் வந்ததுதான். அப்பா இறந்தபோது பெரியவளுக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஒன்பது. அவனைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, அவன் மகளையும் இடுப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து விட்டதில் அவளுக்கு நாற்பத்தாறு ஆகிவிட்டது. தனக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்தவை சோப்பு உறைகள் மட்டும்தான். கம்பெனி ஒரு போட்டி வைத்தது. அவள் ஒரு பை நிறைய உறைகளை அனுப்பினாள். முதல் பரிசு விழுந்தது. கடற்கரைக்குப் பதிலாகத் துணி துவைக்கிற மெஷின் தருவார்களா என்று தம்பி மனைவி போன் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். தரமாட்டார்களாம். பெயரையும் மாற்ற முடியாதாம். மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அண்ணி போறதுல எனக்கொண்ணும் இல்லங்க. எட்டு நாளைக்கு இந்த வீடு என்னத்துக்கு ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். தம்பி நகத்தைக் கடித்தபடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். "கைய மட்டும் வெச்சுட்டுப் போயேன்க்கா. அங்க போய் சும்மா உட்காரத்தானே போற?" பெரியவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதுதான் அவள் செய்த முதல் தப்பு.

விமான நிலையத்தில் கைரேகை கேட்டார்கள். இல்லை என்றாள். அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டி, கை கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே தவிர... இல்லை, அதுகூட இல்லை, கையைப் பற்றியே சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்த ஊரில் கடல் ஓட்டல் வாசல்படிவரை வந்துபோனது. மணலில் வரிசையாகத் துணி நாற்காலிகள். அவற்றை வாடகைக்கு விடுகிற அகலமான பெண்ணொருத்தி, முதல் நாளே பெரியவளின் எதிரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒருத்தி மொழி இன்னொருத்திக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டாம் நாளுக்குள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கை எங்க உனக்கு?"

"வீட்ல வேலை இருக்கு."

"அப்ப நீ?"

"எனக்கு லீவு."

நாற்காலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, கேட்காமலே ஊட்டத் தொடங்கினாள். பெரியவளுக்கு யாரும் ஊட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கடலில் கழுத்துவரை நிற்கும்போதும் மணிக்கட்டு முனைகளில் வீட்டு வேலை தெரிந்தது. காலையில் குழாய்த் தண்ணீரின் சில்லிப்பு, அப்புறம் சோப்பு வழவழப்பு, பள்ளிச் சீருடையின் மடிப்பு, இஸ்திரிச் சூடு. ஐந்தாம் நாள் கொதிக்கிற மூடியைக் கைகள் தொட்டுவிட, அவள் மணலில் உட்கார்ந்து அலறினாள். நாற்காலிக்காரி ஒரு வாளி கடல்நீர் மொண்டுவந்து மணிக்கட்டுகளில் ஊற்றினாள், திட்டிக்கொண்டே ஊற்றினாள், யாரைத் திட்டினாள் என்பது புரியாமலும் இல்லை. மறுநாள் காலை மணிக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை. குழாய் இல்லை, சோப்பு இல்லை, சூடு இல்லை. பெரியவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்ததுபோல இருந்தது. மீதி மூன்று நாளும் வெயிலில் படுத்து, பக்கத்து நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி குறட்டை விட்டாள். கைகளும் அதே நாளிலிருந்து தன்னை மறந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்து நெற்றியால் கதவைத் தட்டினாள். கைகள்தான் திறந்தன. கழுத்தில் தொங்கிய பையை வாங்கி, அழுக்குத்துணியைத் தனியே பிரித்து, உள்ளே போய்விட்டன. வீடு பளபளவென்று இருந்தது. அவள் இல்லாத எட்டு நாளும் நன்றாகவே போயிருந்தன என்பதை யாரும் மறைக்கவில்லை. கைகளுக்கு இருமல் கிடையாது, பசி கிடையாது, மூலையில் உட்கார்ந்து எதையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் கிடையாது. "ஒரு பேச்சு உண்டா, ஒரு பெருமூச்சு உண்டா? லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்," என்று தம்பி மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அப்படிச் சொன்னபோது பெரியவள் அதே அறையில் இருந்தாள். மாட்டிவிடச் சொல்லிக் கேட்டதற்குத் தம்பி, "பாப்பா பரீட்சை முடியட்டும்கா," என்றான். பரீட்சை முடிந்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் கைகள் மூன்று தட்டு வைத்தன. நாலாவது தட்டைப் பற்றி யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. பாப்பா பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் தன் தட்டிலிருந்து நாலு வாய் ஊட்டிவிட்டு, "மீதி சாயங்காலம், அத்தை," என்று ஓடுவாள்.

ஒரு பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது பெரியவள் கைகளிடம் நேராகப் போனாள். அவை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் தொட்டிக்குள் நீட்டினாள். கைகள் அவற்றைப் பிடித்தன, நார் போட்டுத் தேய்த்தன, அலசின, கடைசியில் கரண்டிகளோடு சேர்த்துக் கவிழ்த்து வைக்கப் பார்த்தன. அவள் குனிந்து கைகளின்மேல் கன்னத்தை வைத்தாள். அது ஈரமாக இருந்தது. கைகள் துணியை எடுத்து, தரையைத் துடைக்கிற அதே கவனத்தோடு அதைத் துடைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தன. நல்ல கைகள். அவள் பழக்கியவைதான்.

அந்த வாரம் சோப்புக் கம்பெனியிலிருந்து புகைப்படக்காரர் வந்தார். பரிசு பெற்றவரைச் சோப்போடு படமெடுக்க வேண்டுமாம். பாப்பா உடுத்திவிட்ட நல்ல சேலையில் பெரியவள் நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தொட்டிப் பக்கம் போனார். கைகளை மட்டும் பதினாறு படம் எடுத்தார். "முகம் தேவைப்படாதும்மா," என்றார். அதற்குக் கூலியாக என்ன வேண்டும் என்று அவர் தம்பியைத்தான் கேட்டார். பதில் சொன்னது பெரியவள். "ஒரு டிக்கெட். போறதுக்கு மட்டும்." தம்பி மனைவி அவளை எட்டு வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "திரும்பி வர்றதுக்கு, அண்ணி?" பெரியவள் தொட்டியைக் காட்டத் தலையை அசைத்தாள். "அதான் நான் இங்கதானே இருக்கேன்."

கடற்கரையில் நாற்காலிக்காரி எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெரியவளின் கழுத்தில் ஒரு விசில் மாட்டப்பட்டது. வாடகை நேரம் முடிந்தும் எழுந்திருக்காதவர்களைப் பார்த்து அவள் ஊத வேண்டும். பத்தொன்பது வருஷம் ஊதினாள். வீட்டுக்கு அவளும், அவளுக்கு வீடும், எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. பாப்பாவுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைகள் வந்து தங்கும்போது கைகளை ஆச்சி என்று கூப்பிட்டார்கள். கைகளில் நரம்பு புடைத்தது, தோல் சுருங்கியது. கணக்கெடுக்க வந்தவர் இரண்டு ஆள், இரண்டு கை என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டு ஒன்று தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. தம்பி போய்ப் பார்த்தபோது கைகள் நுரையோடு மல்லாந்து கிடந்தன. தொட்டால் ஜில்லென்று இருந்தன. பிறகு மனைவியிடம் வந்து, "அக்கா போயிட்டா," என்றான்.

தம்பி மனைவி எழுந்து சமையலறைக் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சட்டி, அதனடியில் இரண்டு தட்டு, அப்புறம் காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்த பால் பாத்திரம்.

"பாதியில விட்டுட்டுப் போறவங்க இல்லையே," என்றாள்.