கடைசி ஓட்டம்

...இன்னும் கொஞ்சம் மூடினால்தான் என்ன, யார் குடி முழுகிப் போகிறது, என்று நினைத்துக்கொண்டே வால்வை ஒரு மயிரிழை திருகினாள், கண்ணாடித் தொட்டியின் அடியிலிருந்து பொங்கிக்கொண்டிருந்த காற்று அடங்கி, குமிழ்கள் குறைந்து, அவசரமில்லாமல் ஏறத் தொடங்கின, மீட்டர் பக்கம் உட்கார்ந்திருந்த அவன், அவள் புருஷன், இன்று மாலைவரை இந்த ஆய்வகத்தில் அவளுக்கு ஜோடி, தலை நிமிராமல் "மூணு புள்ளி ரெண்டு" என்றான். தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது என்பதுதான் அந்த எண், முதலில் நைட்ரஜனை ஊதி இருப்பதை விரட்டுவார்கள், பிறகு காற்றை ஊதி அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள், எட்டைத் தொட்டு அசையாமல் நின்றால் சோதனை ஓட்டம் முடிந்தது... முடிந்தால் அவன் கிளம்பிவிடுவான், பெட்டி கதவோரம் நிற்கிறது, வேறு ஊர், வேறு வேலை, கொஞ்ச நாள் தனியா இருந்து பார்ப்போம் என்கிறான், கொஞ்ச நாளாம், கம்பளிச் சட்டை முதற்கொண்டு எடுத்து வைத்திருப்பவனுக்கு எத்தனை நாள் கொஞ்ச நாள்?

நீ வாயை அடக்கியிருக்கணும்டி என்று அம்மா போனில் சொன்னாள், அடக்கவா தெரியாது அவளுக்கு, ஒரு வருஷம் அடக்கினாளே... வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் வால்வை முழுசாகத் திறந்துவிட்டாள், நிறைய ஊதினால் நிறையக் கரையும் என்ற நினைப்பு, குமிழ்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஊதிப் பெருத்து, விறுவிறுவென்று மேலே ஓடி வெடித்தன, ஊதின காற்றில் தண்ணீருக்குக் கிடைத்தது சொற்பம், அவள் முகமெல்லாம் தண்ணீர், அவன் விழுந்து விழுந்து சிரித்தான், "மெதுவா விடு தாயே, அதுக்கும் மூச்சு முட்டும்ல"... அந்தச் சிரிப்பில்தான் விழுந்தாள், வெட்கங்கெட்டவள். வீட்டிலும் அதே புத்தி, ஏன் பேசமாட்டேன் என்கிறாய், ஏன் தொடமாட்டேன் என்கிறாய், நான் உனக்கு யார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள், அவன் எழுந்து பாத்திரம் கழுவப் போனான். சீ, குமிழுக்கும் குடித்தனத்துக்கும் எதற்கு முடிச்சு, வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயேன். வலிக்கிறது, அவன் போகக் கூடாது.

"நாலு புள்ளி ஒண்ணு." இன்னொரு மயிரிழை திருகினாள். வால்வில் கை வைத்தால் "தொட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இந்த அறையில் அவன் போட்ட சட்டம் அது, சொல்லாமல் தொட்டால் ஓட்டம் செல்லாது, முன்பொரு தடவை மறந்தாள், திரையில் ஏறுகிற கோடு லேசாகச் சாய்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டான், தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி மறுபடி முதலிலிருந்து ஓட்டவைத்தான், கட்டின பெண்டாட்டி என்றும் பார்க்கவில்லை. இன்றோ கோடு படுத்தேவிட்டது, அவன் கண் அதன்மேல்தான் இருக்கிறது, "நாலு புள்ளி ரெண்டு", அதே குரல்... தெரியாமல் இருக்குமா அவனுக்கு? தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறான், அவனுக்கும் இது முடிவதில் விருப்பமில்லையா, இல்லை, இந்த ஓட்டம் சரியாக வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று ஆகிவிட்டதா? ஏன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிற... கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் சொல்லிவிடுவான், பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் பயம். வால்விலிருந்து கையை எடுக்காமல் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தாள்.