சொல்லாமல் உருவிய கேபிள்

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்குக் கிளம்பிய கனகலட்சுமியை அவள் மாமியார் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் மருமகள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கனகலட்சுமியின் கணவன் மாரிக்கண்ணன், வாசுதேவநல்லூர் வரை போய் வருகிறேன் என்று கிளம்பியவன், திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நெஞ்சடைத்து இறந்துபோனான். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஜன்னலில் சாய்ந்தபடி இருந்தானாம். தூங்குகிறான் என்று நினைத்து கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். அது தை மாதம். இப்போது ஆனி. அவள் இன்னும் அழவில்லை. அதை ஊர் பேசியது அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன?

கல்லூரியின் கணினிக்கூடம் அவள் பொறுப்பு. மாணவிகளின் மேசைகளில் இருப்பவை வெறும் திரைகளும் கீபோர்டுகளும்தான். அவர்கள் வேலை செய்யும் கணினிகள் எல்லாம் பக்கத்து அறையில் சர்வர் என்ற ஒரே பெரிய கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக ஓடின. சர்வரிலிருந்து, எல்லாத் திரைகளுக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சுப் பெட்டிக்குப் போனது ஒற்றைக் கேபிள். வகுப்பே ஒன்றாக உள்ளே நுழைந்தால் அந்தக் கேபிள் தாங்காது. திரைகள் அப்படியே உறைந்து நிற்கும். போன செய்முறைத் தேர்வில் ஒரு பெண் உறைந்த திரைமுன் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் திங்கட்கிழமை அடுத்த தேர்வு.

சர்வரின் பின்னால் இன்னொரு வாய் சும்மா கிடந்தது. அதிலும் ஒரு கேபிளைச் சொருகி, இரண்டையும் ஒரே பாதையாகச் சேர்த்துவிட்டால் நெரிசல் குறையும். காலையில் அவள் சர்வர் பக்கத்தில் அதைச் செய்தாள். சுவிட்சிலும் அதேபோல் சேர்க்க வேண்டும். அதற்குள் நுழையப் போனால் பழைய பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை. சர்வர் இரண்டு கேபிளையும் ஒன்று என்றது, சுவிட்சு இரண்டு என்றது. கூடத்தில் ஒரு திரையும் திறக்கவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சுவிட்சில் சிமிட்டும் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரவில்லை. பிறகு, சுவிட்சைப் பொருத்திக் கொடுத்த முகம்மது அர்ஷத்துக்குப் போன் செய்தாள்.

"லேப் மொத்தமும் நின்னு போச்சு தம்பி. சுவிட்சு பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஆமாக்கா, போன தடவ வந்தப்ப மாத்துனேன். போன்ல சொல்ல வேண்டாம், நானே வாரேன். கடையநல்லூர்ல இருந்து பஸ் ஏறணும்லா, கொஞ்ச நேரமாவும்."

அடுத்து மாமியார் போனில் கூப்பிட்டாள். "ஏட்டி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தை." டிபன் பாக்ஸ் திறக்காமல் பையில் இருந்தது.

அர்ஷத் வந்ததும் சுவிட்சுக்குள் நுழைந்து இரண்டு வாய்களையும் ஒரே குழுவாக்கினான். திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கூடத்தில் இருந்த எல்லாத் திரைகளிலும் இருவரும் ஒரே நேரத்தில் பெரிய பெரிய கோப்புகளை ஓடவிட்டார்கள். எதுவும் உறையவில்லை.

"ஒரு ஃபைல மட்டும் காப்பி பண்ணா பழைய வேகம்தான்க்கா இருக்கும். அது ஏதாவது ஒரு கேபிள்லதான் போவும். பிரின்சிபால் சார் கேட்டா சொல்லிருங்க."

"தெரியும். சொல்லுதேன்."

அவள் ஒரு திரைமுன் உட்கார்ந்து, கேபிளுக்கு ஒரு கோடாக வேகத்தைக் காட்டும் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கோடு செத்துக் கீழே விழுந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அர்ஷத் கையில் கேபிளோடு நின்றான்.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்குதான்னு பாத்தேன்க்கா. தாங்குது. லேப் நிக்கலல்லா?"

"ஏன் எடுத்த?"

"டெஸ்ட்டுக்கா…"

"சொல்லாம ஏன் எடுத்த? எடுக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் அங்கன பாத்துக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு இங்கன உருவிட்டு நிக்க. சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

அவள் குரல் வராந்தா வரை போனது. வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அர்ஷத் கேபிளை மெதுவாகப் பழைய இடத்தில் சொருகினான்.

"தப்புதான்க்கா. சொல்லியிருக்கணும்."

அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிறைந்து, வழிந்து, தரையெல்லாம் ஓடிய பிறகும் அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. திரும்பி வந்தபோது அர்ஷத் கேபிள்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்காமல், "டீ சொல்லிருக்கேன்க்கா" என்றான்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனகலட்சுமி எதிரில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தாள்.

"அந்த அர்ஷத் தம்பிய இன்னைக்கு ஏசிட்டேன் அத்தை."

"எதுக்கு?"

"சொல்லாமக் கொள்ளாம வயர உருவிட்டான்."

மாமியாரின் விரல்கள் நின்றன. அவள் மகனும் சொல்லாமல்தான் போனான். அடுத்த தண்டை எடுத்து ஆய்ந்தபடி, "ஏசினா என்ன? அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்" என்றாள்.

மறுநாள் தேர்வுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். எல்லாத் திரைகளும் திறந்தன. ஒருத்தியும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கனகலட்சுமி வரிசை வரிசையாக நடந்து கையெழுத்து வாங்கினாள். மனம் பழையபடி மரத்துத்தான் கிடந்தது. கண் மட்டும் முந்தின நாள் அழுததில் இன்னும் எரிந்தது.