ஒரு வரி விட்டு

தலைமையாசிரியர்கள் பெயர்ப்பலகையில் பத்துப் பேர்; பத்தும் ஆம்பளைப் பேர். பதினோராவதாக, நேற்று வந்து சேர்ந்தவரின் பேரை எழுத வந்த பெயிண்டர் பிரஷ்ஷோடு திரும்பினார்.

"டீச்சர், நடுவுல ரெண்டு வருஷம் உதைக்குதே. அப்போ யாரு பார்த்தாங்க?"

"நான்தான். ஆனா 'பொறுப்பு'ன்னு போட்டாங்க. பொறுப்புல இருந்தவங்க பேரைப் பலகையில ஏத்த மாட்டாங்களாம்."

கூரை ஒழுகினதிலிருந்து குழாய் உடைந்தது வரை எல்லாம் அந்தக் கணக்கு டீச்சர் தலையில்தான் விடிந்தது. அதற்கெல்லாம் மட்டும் அவள் வேண்டியிருந்தது.

"அநியாயமா இருக்கே! ஒரு வரி விட்டு எழுதட்டுமா?"

"விடுங்க," என்றாள் சலிப்போடு.

அவர் நிஜமாகவே விட்டுவிட்டார். சாயங்காலம் பார்த்தால், கடைசி இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வரி காலியாகக் கிடந்தது. தப்பைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, தன் பேரின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தாள்.

இடம் தாராளமாக இருந்தது.